அவசரத்தின் இலக்கணம்: மென்பொருள் உதவிப் பிரிவை முன்வைத்து ஒரு வகைப்பாட்டு ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

மென்பொருள் உதவிப் பிரிவுக்கு வரும் கோரிக்கைகளை பி1 முதல் பி4 வரை தரம் பிரிப்பது வழக்கம். பி1 என்றால் தொழிலே நின்றுவிட்டது. பி4 என்றால் நின்றாலும் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். பி4 கோரிக்கை அனுப்பியதாக ஒப்புக்கொள்ளும் பயனர் ஒருவர்கூட ஏன் அகப்படுவதில்லை என்பதே இவ்வாய்வின் வினா.

2. முன்னோர் கண்டவை

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் எர்லாங், அழைப்புகளின் வருகையை 1909-இல் கணிதத்தில் அடக்கினார். அழைப்பவர் கத்துகிறாரா என்பதற்கு அவர் சமன்பாட்டில் இடமில்லை. வரிசையில் முன்னுரிமை தருவது பற்றி 1954-இல் ஆராய்ந்தவர் ஆலன் காபம். 'கோபம்' என்று எழுதினாலும் பொருள் கெடாது. அவர் கணக்கின்படி, முதல் வகுப்பில் ஆள் கூடக் கூட அதன் சலுகை தேயும். முதல் பந்திக்கே ஊர் முழுவதும் முண்டியடித்தால் அது வெறும் கூட்டம்.

3. அடுக்குத்தொடர் மீறல்

விரைவைக் குறிக்கும் சொல் மூன்று முறை அடுக்கி வரலாம், அதற்குமேல் கூடாது என்பது தொல்காப்பியச் சொல்லதிகார விதி. மின்னஞ்சல் தலைப்பில் 'அர்ஜென்ட்' நான்கு முறை வருமாயின் அது இலக்கண வழு. அவ்வகைக் கோரிக்கையைத் திருப்பி அனுப்ப நூலாதாரம் உண்டு; துணிவுதான் இல்லை.

4. பயனர் வகை

அ) சின்ன மாற்றர்: "சின்ன சேஞ்ச்தான் சார், அஞ்சு நிமிஷ வேலை." பிறர் நேரத்தைத் துல்லியமாக அளக்க வல்லவர்.

ஆ) சிசியர்: முதல் மடலில் மேலாளரையும், இரண்டாவதில் அவருடைய மேலாளரையும் சேர்ப்பார். மூன்றாவதில் இயக்குநர் குழுவே கூடிவிடும். கேட்ட ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்திருக்காது.

இ) தொடர்வோர்: மெயில் அனுப்புவார், மெயில் வந்ததா என போன் செய்வார், போனை எடுக்கவில்லையே என வாட்ஸ்அப்பில் கேட்பார். இம்மூன்றுக்கும் பதில் சொல்லும் நேரத்தில் வேலையே முடிந்திருக்கும்.

ஈ) சுருங்கச் சொல்வோர்: "பில் போட முடியல. கடையில ஆள் நிக்கிறாங்க." அருகிவரும் இனம். உண்மையான பி1 பெரும்பாலும் இவரிடமிருந்தே வரும். கையில் வேலை நின்றவருக்கு அடைமொழி தேட நேரமிருக்காது.

5. அளவை

பிரிட்டிஷ் அரசு அமைப்பொன்று 1980-களில் தொகுக்கத் தொடங்கிய ஐடில் (ITIL) என்னும் ஐ.டி. சேவை நெறிமுறை, முன்னுரிமையை இரண்டாகப் பகுத்துப் பார்க்கச் சொல்கிறது: பாதிப்பு, அவசரம். சம்பள நாளுக்கு முந்தைய இரவு பேரோல் நின்றால் இரண்டும் உச்சம். அறிக்கையில் லோகோ இரண்டு பிக்சல் இடப்பக்கம் நகர்ந்திருந்தால் இரண்டும் சொற்பம். பயனர் உரத்துச் சொல்வதெல்லாம் அவசரத்தை. பாதிப்பை உதவிப் பிரிவுதான் கேட்டுப் பெற வேண்டும். லோகோவைக் கண்டவர் எம்டி எனில் என் செய்வது? பதவி என்னும் மூன்றாம் காரணி அட்டவணையில் இல்லை. ஆயினும் மற்ற இரண்டையும் விழுங்க வல்லது.

6. துணிபு

முன்னுரிமை என்பது ஒரு கோரிக்கையின் குணமன்று. இரு கோரிக்கைகளுக்கு இடையிலான உறவு. ஆகவே "எவ்வளவு அவசரம்?" என்று கேட்பது வீண், "ரொம்ப" என்ற விடையே வரும். கேட்க வேண்டியது வேறு: "சரி சார், இதை முதலில் எடுக்கிறேன். நீங்கள் முன்பு அனுப்பிய மூன்றில் எதை நிறுத்தி வைக்கட்டும்?" இதற்கு விடை வரும்வரை அக்கோரிக்கையை பி3 எனக் கொள்க.