மாமா பதில்கள்: தலைக்கு மேல் வேலை

தொப்பிப் பட்டறையின் கடைசி இரண்டு மேஜைகள் மெருகு மேஜையும் செக்கிங் மேஜையும். அவற்றைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டீர்கள்.

செக்கிங் செக்‌ஷன் பெண், திருப்பூர்: நாங்கள் பனியனில் நூல் பிசிறு பார்க்கிறோம். ஃபெல்ட் தொப்பியில் என்ன பார்ப்பார்கள்?

முதலில் கவிழ்ப்பார்கள். வெளிப்பக்கம் விளம்பரம், உட்பக்கம் வாக்குமூலம். தோலால் ஆன வியர்வைப் பட்டை சுருக்கமில்லாமல் படிந்திருக்கிறதா, விளிம்பு இடமும் வலமும் ஒரே அகலமா என்று பார்ப்பார்கள். பிறகு வெளிச்சத்தில் சாய்த்து ரோமம் ஒரே பக்கம் படுத்திருக்கிறதா என்று ஒரு நோட்டம். கடைசியாக விரல் நுனியால் ஒரு சுற்று. உங்கள் வேலைதான் அம்மா. ஆனால் பனியன் குறையைச் சட்டை மறைத்துவிடும். தொப்பிக்கு மேல் எதைப் போடுவது?

தச்சர், நாகர்கோவில்: தொப்பிக்கு உப்புத்தாள் போடுவார்களாமே, நிஜமா?

நிஜம். ஃபெல்ட்டை மர அச்சில் மாட்டிச் சுழலவிட்டு, முதலில் சற்று முரட்டுத் தாள், அப்புறம் நைஸ் தாள், முடிவில் வெல்வெட் திண்டால் ஒரு தடவல். உங்கள் தேக்குக் கதவுக்கும் இதே வரிசைதான். கதவில் பள்ளம் விழுந்தால் மக்கு வைத்து அடைத்துவிடுவீர்கள். ஃபெல்ட் முயல் ரோமம்; அதில் கை அழுந்திப் போனால் அந்த முயல் மறுபடி பிறந்து வரவேண்டும்.

கல்லூரி மாணவி, மதுரை: தொப்பியைச் சுற்றி ரிப்பன் அழகுக்குத்தானே?

அப்படி நம்ப வைத்ததுதான் அழகு. வியர்வைப் பட்டையைத் தைத்த தையல் வெளியே எட்டிப் பார்க்கும் இடமும் ரிப்பன் உட்காரும் இடமும் ஒன்றே. ரிப்பனின் இரண்டு முனை சேரும் இடம் அசிங்கமாக இருக்கும். அதன்மேல் ஒரு 'போ' கட்டிவிட்டார்கள். ஆண்கள் தொப்பியில் அது இடப்பக்கம். உள்ளே, பட்டையின் பின்புறம், இன்னொரு குட்டி முடிச்சு இருக்கும். ஒரு காலத்தில் நாடாவை இழுத்துத் தலைக்கு இறுக்கப் பயன்பட்டது. இப்போது எது முன், எது பின் என்று குழம்புகிறவர்களுக்குப் பயன்படுகிறது.

கணக்கு வாத்தியார், ஈரோடு: தொப்பி சைஸ் 7 என்கிறார்கள். 7 என்ன?

உங்களுக்காகவே அமைந்த கணக்கு. தலைச் சுற்றளவு 22 அங்குலம். அதை 22/7ஆல் வகுங்கள். விட்டம் 7. அமெரிக்க சைஸ் 7 அதுதான். அதே தொப்பிக்கு இங்கிலாந்தில் 6⅞ என்று சீட்டு ஒட்டுவார்கள். கடல் தாண்டினால் தலைக்கனம் குறையும் என்பதற்கு வேறு நிரூபணம் தேவையா?

அதே வாத்தியார்: எல்லாத் தலையும் வட்டமா என்ன?

பிடித்துவிட்டீரே! இல்லை. அதற்காக 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கருவி செய்தார்கள். தலையில் கவிழ்த்தால் சுற்றிலுமுள்ள பட்டைகள் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நகரும். உச்சியில் செருகிய தாளில் ஊசிகள் தலையின் வடிவத்தைச் சிறிதாகக் குத்திக் காட்டும். லண்டனில் 1676 முதல் நடக்கும் லாக் தொப்பிக் கடையில் பிரபலங்களின் தலைச் சீட்டுகளைக் காட்சிக்கே வைத்திருக்கிறார்கள். உருளைக்கிழங்குக் கடை போலிருக்கும். மாமன்னர், மந்திரி என்ற பேதமே தெரியாது.

மாமனாரின் மூக்குக் கண்ணாடி மேல் உட்கார்ந்தவர், சேலம்: தொப்பி மேல் உட்கார்ந்தால் தாங்குமா?

அரக்குப் பூசி இறுக்கிய தொப்பி தாங்கலாம். 1849இல் எட்வர்ட் கோக் என்பவர், தாழ்ந்த கிளையில் மோதி வேட்டைக் காவலாளிகளின் உயரத் தொப்பிகள் விழுகின்றனவே என்று, உருண்டைத் தொப்பி ஒன்றை இதே லாக் கடையில் செய்யச் சொன்னார். தயாரானதும் வாங்கிப் பார்த்தார், தரையில் போட்டார், இரண்டு மிதி மிதித்தார். நசுங்கவில்லை; 12 ஷில்லிங் கொடுத்துவிட்டுப் போனார் என்பது கடைக்கதை. உலகத்திலேயே சுருக்கமான தரப் பரிசோதனை. நீங்கள் கண்ணாடியில் செய்தது பரிசோதனை அல்ல.

ஆங்கில ஆசிரியை, பாளையங்கோட்டை: ஆலிஸ் கதையில் தொப்பிக்காரர் ஏன் கிறுக்கராக வருகிறார்?

கதாசிரியர் மனதை அவரே அறிவார். பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். முயல் ரோமம் எளிதில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாது. எனவே தோலின் மேல் பாதரச நைட்ரேட் தடவினார்கள்; ரோம நுனி காரட் நிறமாகும். அதோடு போகவில்லை. அச்சில் ஏற்ற நீராவி, வடிவம் பிடிக்கச் சூடு, மெருகுக்கு இஸ்திரி. ஒவ்வொரு சூட்டிலும் பாதரசம் ஆவியாகி மூக்கில் ஏறியது. உப்புத்தாள் போட்டவருக்குத் தூசியும் சேர்ந்து கிடைத்தது.

அமெரிக்காவில் தொப்பிக்குப் பேர்போன ஊர், கனெக்டிகட் மாநிலத்து டான்பரி. அங்கே தொப்பித் தொழிலாளிகளின் கை நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரையே வைத்து 'டான்பரி ஷேக்ஸ்' என்றார்கள். ஈறு கெடும், காரணமில்லாமல் கோபம் வரும், தெரிந்தவரைக் கண்டால்கூடக் கூச்சம் வரும். செக்கிங் மேஜையில் தொப்பி பாஸ், செய்தவர் ஃபெயில்.

1941இல்தான் அங்கே தடை வந்தது. போருக்குப் பாதரசம் தேவைப்பட்டதும் ஒரு காரணம் என்பார்கள். நரம்பு கேட்டுக் கிடைக்காததை வெடிமருந்து கேட்டு வாங்கித் தந்தது.

அதே ஆசிரியை: படத்தில் அவர் தொப்பியில் 10/6 என்று இருக்கிறதே?

விலைச் சீட்டு. பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். டெனியல் வரைந்த படம். விற்பனைச் சரக்கைத் தலையிலேயே மாட்டிக்கொண்டு விருந்துக்குப் போகிறார். மாடலுக்குக் கொடுக்கும் சம்பளம் மிச்சம். இவரையா கிறுக்கர் என்கிறீர்கள்?

வரி ஆலோசகர், சென்னை: தொப்பிக்குத் தனி வரி உண்டா?

ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டீரா? பிரிட்டனில் 1784 முதல் 1811 வரை இருந்தது. மலிவுத் தொப்பிக்கு 3 பென்ஸ், 12 ஷில்லிங்குக்கு மேற்பட்டதற்கு 2 ஷில்லிங். கட்டியதற்கு அடையாளமாக உட்புற லைனிங்கில் முத்திரைத் தாள். கள்ள முத்திரை ஒட்டினால் மரண தண்டனை. தொப்பியைச் சோதிக்க வந்தவர் தலையையும் சேர்த்து எடுத்துப்போன காலம்.

சங்கத் தோழர், கோவை: தொழிலாளிக்கும் அந்த உட்புறத்தில் இடம் உண்டா?

உண்டு தோழரே. வியர்வைப் பட்டைக்குப் பின்னால் அமெரிக்கத் தொப்பித் தொழிலாளர் சங்கம் தன் லேபிளைத் தைக்க வைத்தது. வாங்குகிறவர் பட்டையைப் புரட்டிப் பார்ப்பார். லேபிள் இல்லாவிட்டால் அடுத்த கடை. டான்பரி முதலாளி ஒருவர் சங்கத்தை ஏற்க மறுத்தார். சங்கம் அவர் தொப்பியைப் புறக்கணிக்கச் சொன்னது. அவர் வழக்குப் போட்டார். 1908இல் உச்ச நீதிமன்றம், ஏகபோக வணிகத்தைத் தடுக்க வந்த சட்டம் சங்கத்துக்கும் பொருந்தும் என்றது. தொழிலாளிகளின் வீடும் வங்கிச் சேமிப்பும் ஜப்திக்குள் மாட்டின. கடைசியில் நாடெங்கும் மற்றத் தொழிலாளிகள் ஒருமணி நேரக் கூலியைக் கொடுத்து உதவினார்கள். ஏகபோகத்தை வளைக்கச் செய்த வலையில் துடித்தது யார் பாருங்கள்.

வெளிநாடு போகிறவர், திருச்சி: பனாமா தொப்பி வாங்கும்போது எதைப் பார்க்க?

ஈக்வடாரில் செய்ததா என்று பாருங்கள். பிறகு வெயிலுக்கு நேரே பிடியுங்கள். பின்னல் நெருக்கம் தெரிந்துவிடும். அங்கே பின்னுகிறவர் ஒருவர், ஓரத்தை இறுக்குகிறவர் வேறொருவர், அடுக்கி வைத்துச் சுத்தியால் தட்டுகிறவர் மூன்றாமவர். கந்தகப் புகையும் இஸ்திரியும் தனி. சுருட்டிப் பெட்டியில் திணித்தால் மடிப்பில் கீறும். கீறினால் கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

கைவினைக்காரர், தஞ்சாவூர்: எங்கள் நெட்டிக்கும் தொப்பிக்கும் சம்பந்தம் உண்டாமே?

நீங்கள் பெரிய கோயில் செதுக்கும் அதே சதுப்பு நிலச் செடிதான் துரைமாரின் சோலாத் தொப்பி. நெட்டித் தகடுகளை அச்சில் ஒட்டி, மேலே துணி போர்த்தி, தலைக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டு முடிப்பார்கள். வெயிலுக்கு அருமை. மழையில் ஊறி உப்பிவிடும். உங்கள் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு வந்தது; துரை கப்பலேறிப் பல வருஷம் கழித்து.

புது மாப்பிள்ளை, காரைக்குடி: மாமனார் ஃபெல்ட் தொப்பி பரிசளித்தார். எப்படிப் பராமரிக்க?

மென்மையான பிரஷ்ஷால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் துடையுங்கள். வெளிர் நிறத்துக்கும் அடர் நிறத்துக்கும் தனித்தனிப் பிரஷ். கழற்றும்போது உச்சியைக் கிள்ளாமல் விளிம்பைப் பிடியுங்கள். கிள்ளிய இடம்தான் முதலில் விரிசல் விடும். மாமனார் வரும் நாளில் மட்டும் போட்டுக்கொண்டால் இத்தனையும் தேவையில்லை.