ஒட்டுக்காப் பாட ஒரு சர்டிபிகேட்டு

வா கண்ணு, வா. இப்படித் திண்ணையில ஒக்காரு. கழுத்துல தொங்கறது என்ன, அட்டையா? பேரு, போட்டோ எல்லாம் போட்டு? சரி, கழட்டாத. உங்க அம்மாயி ஒருக்கா பாத்துக்கட்டும்.

பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரா இருக்கற நீ, கோயமுத்தூர் போயி, ஏசி போட்ட ஹால்ல ஒக்காந்து, ஊரு சனத்தை ஒட்டுக்காப் பாட வைக்கறது எப்படின்னு படிச்சுட்டு வந்திருக்கறயாமா. நல்ல சமாச்சாரம். நான் கிண்டல் பண்ணலை. சித்தெ பொறு, இனிமேத்தான் பண்ணப் போறேன்.

மொத நாளு காத்தால நாற்காலியெல்லாம் எடுத்து வட்டமாப் போடச் சொன்னாங்களாக்கும். வட்டமா இருந்தா முன்வரிசை பின்வரிசை கெடையாது, எல்லாரும் எல்லாரு மூஞ்சியையும் பாக்கலாம்னு திரையில படம் போட்டு வேற காட்டுனாங்களாக்கும். ஏஞ்சாமி, நம்மூரு மாரியாத்தா நோம்பிக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டா, ராவுல ஆம்பளைங்க எதைச் சுத்தி ஆடறாங்க? முளைப்பாரியை நடுவுல வெச்சுப் பொம்பளைங்க கும்மி தட்டறப்ப எப்படி நிக்கறாங்க? ரேசன் கடை வரிசையிலயா? அந்த வட்டத்துக்கு ஆரு படம் போட்டுக் காட்டுனா?

அப்பறம் ஐஸ் பிரேக்கர்னு ஒண்ணாமா. ஆளாளுக்குத் தன் பேரைச் சொல்லி ஒரு தட்டுத் தட்டணுமாம். பட்டணத்துக்குச் சரி. அங்க பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியோணும்னா அவன் செத்தாத்தான் உண்டு. இங்க வந்து நம்ம பால் ஊத்தற கிழவிகிட்ட, "பாட்டி, உங்க பேரைச் சொல்லிக் கை தட்டுங்க"ன்னு கேட்டுப்போடாத. அவ உன்ற பேரு, உங்கப்பன் பேரு, உங்கப்பன் சொசைட்டியில வாங்கி இன்னும் கட்டாத கடன் எல்லாத்தையும் தாளத்தோட சொல்லிப்போடுவா. இந்த ஊர்ல ஒடைக்கறதுக்கு ஐஸு ஏது கண்ணு? இருக்கறதெல்லாம் பங்காளிச் சண்டைதான். அதை ஒடைக்க அங்க ஏதாச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?

உன்ற நோட்டைக் குடு, புரட்டிப் பாக்கறேன். கார்ல் ஓர்ஃப்னு எழுதியிருக்கறே. ஜெர்மனிக்காரரு. தொடையைத் தட்டு, காலை ஓங்கி மிதி, சொடக்குப் போடு, உடம்பே மேளம்னு குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவரு. சால்ஸ்பர்க்ல 1961ல இதுக்குன்னே ஒரு நிலையம் தொறந்து, உலகம் பூரா இருந்து வாத்தியாருங்க அங்க போயிப் படிக்கறாங்களாமா. பெரிய மனுசருதான். நம்ம பொடுசுக கும்மியில குனிஞ்சு தட்டி நிமிந்து தட்டறதைப் பாத்திருந்தா, அவரும் செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு உள்ள வந்திருப்பாரு.

எனக்கு அவரைவிட அடுத்த பக்கத்துல இருக்கற ஹங்கேரிக்காரரு மேலதான் பிரியம். கொடாய். பார்ட்டோக்னு ஒரு கூட்டாளியோட சேந்து, 1905 வாக்குல இருந்து ஊரூரா அலைஞ்சிருக்காரு. குடியானவங்க பாடற பாட்டை மெழுகு உருளையில புடிச்சுப் புடிச்சு எழுதி வெச்சிருக்காங்க. அந்தப் பாட்டையே பின்னால பள்ளிக்கூடத்துப் பாடமாக்குனாரு. கையை நெஞ்சுக்கு நேரா, நெத்திக்கு நேரா வெச்சு ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு சைகை காட்டறாங்கல்ல, அதுகூட அவரு கண்டுபுடிச்சது இல்லையாமா. இங்கிலாந்துல ஜான் கர்வென்னு ஒரு பாதிரியாரு போன நூத்தாண்டுக்கும் முந்தியே வெச்ச வழக்கம். அந்தப் பாதிரியாருக்கு முறையைக் காட்டுனது நார்விச்சுல சாரா குளோவர்னு ஒரு டீச்சரம்மா. சர்ச்சுல சாதாரண சனம் ஒழுங்காப் பாடட்டும்னு அவங்க பண்ணுன ஏற்பாடு.

இப்ப நல்லா ரோசனை பண்ணு. அந்தக் கொடாய் என்ன பண்ணுனாரு? கிழவிக ஊட்டு வாசல்ல போயி நின்னு, "ஆத்தா, ஒரு பாட்டுப் பாடு"ன்னு கேட்டாரு. நீ என்ன பண்ணப் போறே? அவரு பேரைச் சொல்லிக்கிட்டுக் கிழவிக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்கப் போறே. எங்கியோ தலைகீழாப் போச்சே கண்ணு?

கோவிச்சுக்காத. பயிற்சியே வேண்டாம்னு நான் சொல்லலை. உனக்கு வேணும். நெம்ப வேணும். ஏன்னு கேளு.

நீ ஆறு வயசுல சரளி வரிசை ஆரம்பிச்சே. மாயாமாளவகௌளை. அப்பறம் ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனைன்னு ஏறிட்டே போனே. அத்தனை வருசமும் டீச்சர் எதுத்தாப்புல ஒக்காந்து ஒரே வேலைதான் பண்ணுனாங்க: நீ எங்க தப்பு உடறேன்னு பாத்தாங்க. அது தப்புன்னு சொல்ல வரலை. அப்படிப் படிச்சாத்தான் கச்சேரிக்கு ஆகும். ஆனா அந்தக் காதோட ஊருக்குள்ள வந்தா என்ன ஆகும்? நடவு நட்டு, ஆடு மேய்ச்சு, மில்லுல ஷிஃப்ட் பாத்துட்டு வந்த பொம்பளை ஒருத்தி பொழுதோட வந்து வாயைத் தொறக்கறா. சுருதி கால் வீசம் கீழ நிக்குது. நீ வாயால ஒண்ணும் சொல்ல மாட்டே, பயிற்சி எடுத்தவ. உன்ற புருவம் சொல்லிப்போடும். அதைப் பாத்த நிமிசம் அவ வாயை மூடிக்குவா. அப்பறம் நீ எத்தனை ஐஸ் ஒடைச்சாலும் தொறக்காது.

அந்தப் புருவத்துக்கு ஏதாச்சும் பயிற்சி குடுத்தாங்களா? நோட்டுல தேடிட்டேன், காணோம்.

எங்க ஆத்தா கும்மிக்கு அடியெடுத்துக் குடுப்பா. எழுத்து தெரியாது. வெத்தலை எந்நேரமும் கன்னத்துல இருக்கும். வட்டம் கூடுன உடனே பாட மாட்டா. கூட்டத்துலயே கூச்சமான ஒருத்தியைப் புடிச்சு, "ஏனம்மிணி, அந்தப் பாட்டு எப்படி ஆரம்பிக்கும், எனக்கு மறந்துபோச்சு"ம்பா. மறக்கறதாவது! அவ ஏதோ மொணமொணன்னு சொல்லுவா. அந்தப் புள்ளை கொரலு எங்க நிக்குதோ, ஆத்தா அங்கிருந்துதான் எடுப்பா. சன்னமான கொரலுக்குத் தோதா எடுத்தா எல்லாருக்கும் எட்டும்ல? நீங்க என்ன பண்றீங்க? போனுல சுருதிப்பெட்டியை அமுக்கி அஞ்சரைக் கட்டையில வெச்சுடறீங்க. உன்ற தொண்டைக்கு அது பட்டு. அறுவது வயசுக்காரிக்கு மேல போறப்ப மூச்சு முட்டும். அவ என்ன நெனைப்பா? "நமக்குப் பாட வராது"ன்னு நெனைப்பா. சுருதி எச்சுன்னு நெனைக்க அவளுக்கு ஆரு சொல்லிக் குடுத்தா?

வரியும் சின்னது. ஒரே மூச்சுல சொல்லி முடிச்சு, திருப்பிச் சொல்றவங்களுக்கு எடம் உடுவா. அவங்க எடுக்கறப்ப இவ கொரலு எறங்கிப் போயிரும். வெத்தலையை இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்கு மாத்தறதே அப்பத்தான். பதில் கொரலு சன்னமா வந்தா, "சத்தமாப் பாடுங்க"ன்னு கத்த மாட்டா. அதே வரியை மறுக்காவும் போடுவா. அப்பவும் எழலைன்னா இருக்குது அவகிட்ட ஒரு மருந்து. வட்டத்துல நிக்கறவ ஒருத்தி புருசன் சந்தையில ஏமாந்து வந்த கதையைச் சட்டுனு ஒரு வரியாக் கட்டிப் பாட்டுக்குள்ள நுழைச்சுடுவா. சிரிப்புல வட்டமே வெடிச்சுப் போகும். அதுக்கப்பறம் ஆரு வாயை ஆரு மூடறது? நீங்க அதுக்கு ரெண்டாம் நாளு மத்தியானம் "கூட்டாப் பாட்டுக் கட்டுதல்"னு போட்டு, கலர் கலரா ஒட்டற சீட்டுக் குடுத்து எழுதச் சொன்னீங்களாக்கும்.

பாட மாட்டேன்னு ஓரமா நிக்கறவளை ஆத்தா கூப்பிடவே மாட்டா. ரெண்டு பாட்டுப் போனா அவ காலு தானா ஆடும். புதுசா வந்த பொடுசை ரெண்டு பழைய ஆளுக்கு நடுவுல நிறுத்துவா, அவ்வளவுதான் பயிற்சி. நடத்தறவன் பாலுக்கு ஊத்தற ஒறமோரு கணக்கா இருக்கோணும் கண்ணு. ஒரு கரண்டி போதும். எச்சா ஊத்துனா புளிச்சுப்போகும்.

அதெல்லாம் அந்தக் காலம்னு சொல்லப் போறயா? மேட்டுப்பாளையத்துப் பக்கம் தேக்கம்பட்டிக்குப் போய்ப் பாரு. பத்ரப்பன்னு ஒருத்தரு, வள்ளி ஒயில் கும்மி வாத்தியாரு. ஆம்பளைங்க மட்டும் ஆடிட்டு இருந்ததைப் பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தவரு. 2024ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, அப்ப அவருக்கு வயசு 87. இப்ப கொங்கு நாட்டுல எந்த ஊருக்குப் பொழுதோட போனாலும் கோயில் வாசல்ல வள்ளி கும்மி பழகறாங்க. கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போற புள்ளையும் அதே அடவு, அதும்பட அம்மாயியும் அதே அடவு. கடைசியில ஒரு ராத்திரி சேலையெல்லாம் ஒரே கலர்ல எடுத்து அரங்கேற்றம். அந்தச் சேலைக் கலருக்கு நடக்கற சண்டையைப் பத்தி நான் வாயைத் தொறக்க மாட்டேன். ஊர்ல குடியிருக்கோணும்.

உன்ற கர்நாடகப் பாட்டுலயும் இதுக்கு வழி இல்லாம இல்ல. தியாகராஜ சுவாமி திவ்யநாமக் கீர்த்தனைன்னு தனியா ஒரு கட்டுப் பண்ணி வெச்சிருக்காரே, எதுக்கு? கூட்டமாப் பாடறதுக்குத்தான். மெட்டு எளிசு. சரணமெல்லாம் அதே மெட்டுல திரும்பத் திரும்ப வரும். நாலாவது சரணத்துக்குள்ள கேட்டவனும் பாடகனாயிருவான். மெட்ராஸ்ல எம்.பி.சீனிவாசன்னு ஒருத்தரு, சினிமாவுக்கு இசை போட்டவரு, 1970 வாக்குல சேர்ந்திசைக் குழுன்னு ஆரம்பிச்சுப் பாரதியார் பாட்டையெல்லாம் நூறு கொரலா ஒலிக்க வெச்சாரு. ஊட்டுலயே இத்தனை இருக்குது. நீ ஹங்கேரியில இருந்து ஆரம்பிச்சே. போகட்டும், சுத்தியடிச்சாவது வந்து சேந்தியே.

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். இதுல நான் கிண்டல் பண்ண மாட்டேன். அந்த வட்டம், அந்த வட்டம்னு நான் பெருமை பேசறேனே, அதுக்குள்ள ஊரே இருந்துச்சா? மேளம் அடிச்சவங்க எங்க நின்னாங்க? வெளிய நின்னாங்க. அவங்க அடிச்ச அடியிலதான் நாங்க ஆடுனோம். ஒரு வார்த்தை, "நீயும் உள்ள வா"ன்னு ஆரும் கூப்பிடலை. எங்க ஆத்தாளும் கூப்பிடலை. கூச்சக்காரி கொரலைக் கேக்கற காது இருந்துச்சு அவளுக்கு, மேளம் அடிச்சவங்க தெருவுக் கொரலு மட்டும் கேக்கலை. இன்னைக்குத் திண்டுக்கல்ல சக்தி கலைக்குழுப் பொண்ணுங்க பறையைத் தோள்ல மாட்டி நடு மேடையில நின்னு அடிக்கறாங்க. உன்ற பயிற்சிக் காயிதத்துல "யாரையும் விடாமல்"னு ஒரு வரி போட்டிருக்குதே, அதை அடிக்கோடு போட்டு வெச்சுக்க. மத்த பக்கத்துல பாதியை எங்க ஆத்தா சொல்லிக் குடுத்துப்போடுவா. இதை அவளுக்கு நீதான் சொல்லிக் குடுத்திருக்கோணும்.

அதனால இப்படிப் பண்ணு. செவ்வாக்கிழமை பொழுதோட நீ வெக்கப் போற பாட்டு கோயில் வாசல்ல வேண்டாம், அங்க வர யோசிக்கற சனம் இன்னும் இருக்குது. பள்ளிக்கூடத்துத் திடல்ல வெய்யி. ரெண்டு தெருவுலயும் நீயே ஊடு ஊடாப் போயிக் கூப்பிடு, வாட்ஸப்புல நோட்டீசு போட்டுட்டுக் காத்துட்டு இருக்காத. மைக்கு வேண்டாம். சுருதிப்பெட்டி பையிலயே இருக்கட்டும். மொதப் பாட்டு நீ எடுக்காத, அங்க வந்தவங்ககிட்டக் கேளு. தப்பா வந்தா வரட்டும், புருவத்தை மட்டும் பாத்துக்க. ஒம்போது மணிக்கு முடிச்சுடு, காத்தால பால் கறக்கோணும்.

முடிஞ்சதும் அந்த ஃபீட்பேக் காயிதத்தை நீட்டாத. அஞ்சு மூஞ்சி வரைஞ்சு, சிரிக்கற மூஞ்சியா அழுகற மூஞ்சியான்னு டிக் பண்ணச் சொல்றது. எதுக்கு அது? அடுத்த செவ்வாக்கிழமை கூப்பிடாம வந்து நிக்கறாங்களான்னு பாரு. வந்தா, நீ ஓரமா நின்னுக்க. வரலைன்னா, சுருதியைக் கொறைச்சுக்கிட்டு மறுக்காவும் போ.