முழம் போடும் மகாசபைக்கு ஒரு விண்ணப்பம்

வலைப்பக்கங்களின் நடைத்தாள்களுக்கு அளவு வகுத்தருளும் மாண்புமிகு பணிக்குழுவினரின் திருச்சமூகத்திற்கு,

சுவா சூ காங் வீவக அடுக்குமாடி ஒன்றின் பதினோராம் மாடியிலிருந்து வலைத்தள உருவாக்குநன் ஒருவன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. தாங்கள் நலமாகவே இருப்பீர்கள். அளக்கிறவர்களுக்கு என்ன குறை?

சென்ற சனிக்கிழமை எங்கள் புளோக் விருந்துக்கு நான்கு மொழியிலும் ஒரு பதிவுப் பக்கம் செய்து கொடுத்தேன், இலவசமாக. ஆங்கிலத்தில் ‘மீல்’ நாலெழுத்து. தமிழில் ‘சாப்பாடு’, அதுவும் நாலெழுத்து. நாலெழுத்துப் படித்த திமிரில், கைத்தொலைபேசித் திரையில் அந்தச் சொல் வரும் கட்டத்துக்குத் தங்கள் அலகில் 4 சிஎச் அகலம் போட்டேன். மாலையில் மூன்றாம் மாடிப் பாட்டி மின்தூக்கி வாசலிலேயே என்னை மடக்கினார்.

“ஏன் தம்பி, சோத்துக்குப் பேர் குடுக்கலாம்னு தொறந்தா, உன் பக்கம் என்னைப் பாத்து ‘சா’ன்னு சொல்லுதே?”

திரையில் ‘சா’வும் அதன்பின் மூன்று புள்ளியும் மட்டுமே இருந்தன. மின்தூக்கிக்காக நின்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். அதில் ஒருவர் சீனர். பாட்டியே அவருக்கு விளக்கிச் சொன்னார். அவர் தாமதமாக, ஆனால் நீண்ட நேரம் சிரித்தார்.

தவறு என்னுடையதுதான். ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தமிழும் அப்படியே வரும் என்று நம்பிவிட்டேன். ஆனாலும் தங்கள் சிஎச்சின் பெருமையை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது ‘0’ என்ற எண்ணின் அகலம். அதுவும் நான் முதலில் பெயர் சொன்ன எழுத்துருவில் இருக்கும் பூஜ்யம். அதில் தமிழ் இல்லையென்றால் உலாவி வேறு எழுத்துருவைத் தேடிப் போகும். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐஃபோனில் இன்னொன்று. அளப்பது ஒருவர் கை, பூ இன்னொருவர் கடையில்.

பூ என்றதும் நினைவு வருகிறது. நியூட்டனில் ரயில் மாறித் தேக்காவுக்குப் போய்ப் பாருங்கள். பூக்காரம்மா முழங்கையால் அளந்து தருவார். உயரமான அம்மாவிடம் வாங்கினால் லாபம், குள்ளமான அம்மாவிடம் நஷ்டம், அவ்வளவுதான். எந்த அம்மாவும் பூஜ்யத்தின் கையைக் கடன் வாங்கி அளப்பதில்லை.

தங்களிடம் எத்தனை முழம்! எம் என்பது ஒரு காலத்தில் ரோமன் ‘எம்’ எழுத்தின் முழம். எக்ஸ் என்பது சின்ன ‘எக்ஸ்’ எழுத்தின் உயரம். சீனத்துக்குத் தண்ணீர் என்ற எழுத்தின் அகலத்தை வைத்து ஐசி என்று ஓர் அலகே தந்தீர்கள். சந்தோஷம், சீனர் எனக்குப் பக்கத்து வீடு. ஓர் அங்குலம் என்றால் 96 பிக்சல் என்கிறீர்கள். அடிக்கோலைத் திரையில் வைத்துப் பார்த்தவன்தான் முட்டாள். 100 விஎச் என்றால் முழுத் திரை என்று நம்பிப் போட்டால், ஐஃபோனில் முகவரிப் பட்டை வந்து பொத்தானை விழுங்கும். அதற்கு மருந்தாக எஸ்விஎச், எல்விஎச், டிவிஎச். அதாவது சின்ன முழம், பெரிய முழம், ஆடுகிற முழம். சஃபாரி 2022 மார்ச்சில் ஏற்றது, ஃபயர்ஃபாக்ஸ் மே மாதம், குரோம் நவம்பரில். ஒரே பூவுக்கு மூன்று கடையிலும் ஒரே முழம் வர அத்தனை மாதம்.

எங்கள் எழுத்துக்கு மட்டும் முழமே கிடையாது. ‘ஞூ’வின் வால் அறுபடுகிறது, ‘கீ’யின் சுழி கூரையில் இடிக்கிறது. கேட்டால், உங்கள் மொழி நீளம் என்கிறார்கள். நீளமில்லை ஐயா. யாரும் அளக்கவே இல்லை! உங்கள் முதல் நடைத்தாள் விதி வந்தது 1996 டிசம்பரில். அதற்கு முந்தைய ஆண்டே, 1995-இல், நா. கோவிந்தசாமி இந்தத் தீவிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றிவிட்டார். 1997 மே மாதம் தமிழ்நெட் மாநாடு கூடியதும் இதே சிங்கப்பூரில். பந்திக்கு முந்தி வந்தவனுக்கு இன்னும் இலை போடவில்லை நீங்கள்.

மன்னிக்க வேண்டும், கை சற்று நீண்டுவிட்டது. முழத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

தங்கள் கருணை மழையில் ஒரு துளி போதும்: ஒரே ஒரு தமிழெழுத்தின் அகலத்தை, தமிழை எழுதும் எழுத்துருவிலேயே அளந்து, அலகாக்கித் தாருங்கள். எந்த எழுத்து என்று தங்கள் சபையில் வாதம் வந்தால் ‘சா’ என்றே வைத்துக்கொள்ளலாம். எங்கள் புளோக்கில் அதற்கு ஏற்கெனவே நல்ல பெயர்.

இப்படிக்கு,
தங்கள் முழத்துக்குக் கட்டுப்பட்டவன்

பி.கு.: கட்டத்தின் அகலத்தை எடுத்துவிட்டேன். ‘சாப்பாடு’ இப்போது முழுதாகத் தெரிகிறது. பாட்டி அதைத் திறந்து பார்க்கவில்லை. பேத்தியிடம் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்: ‘ரெண்டு பேர், சைவம்.’