துள்ளாத கன்னுக்குத்தான் வைத்தியரக் கூப்புடணும்

வா தம்பி, திண்ணையில ஒக்காரு. மொகம் ஏன் இப்பிடி வாடிக் கெடக்குது? ஓசூரு கம்பெனியில சம்பளம் போடலியா? போட்டுட்டானா? அப்ப பையனுங்க விசயந்தான். எனக்கு முந்தாநாளே தெரியும். ஒம் பொண்டாட்டி எங்கூட்டுக் கெழவிகிட்ட சொன்னா, கெழவி எங்கிட்ட சொன்னா. பாப்பிரெட்டிப்பட்டியில சேதிக்குத் தபால்தல ஒட்ட வேண்டியதில்ல.

பெரியவன் ஒம்பதாவது, சின்னவன் மூணாவது. ரெண்டும் சேந்து வூட்ட ரெண்டு பண்ணுதுங்க. அதுக்கு நீ சேலத்துல ஒரு கவுன்சிலிங்காரருக்கு டோக்கன் போட்டு, பணமும் கட்டிட்டியாம். அப்பிடி என்ன குத்தம் பண்ணுச்சுங்க? பெரியவன் டிவி ரிமோட்டக் கழட்டிட்டான். மறுபடி மாட்டும்போது ஒரு ஸ்குரூ மிச்சமாயிடுச்சு. ஏம்ப்பா, நம்மூரு மெக்கானிக்கு மோட்டாரக் கழட்டி மாட்டுனாலும் ஒரு ஸ்குரூ மிச்சம் இருக்குது. அவன எந்தக் கவுன்சிலிங்குக்கு அனுப்புனோம்?

எம் பல்செட்டு கதை ஒனக்கு வந்து சேந்துச்சா? ராத்திரி கழட்டி டம்ளரு தண்ணியில போட்டுட்டுப் படுத்தேன். காலையில டம்ளரு இருக்குது, தண்ணி இருக்குது, பல்லக் காணோம். யாருகிட்ட கேக்கறது? "எவன்டா அவன்"னு அதட்டுனா வாயில வெறுங்காத்துதான் வருது. எம் பேரன் சுவத்தப் பாக்கறான், ஒஞ் சின்னவன் மோட்டப் பாக்கறான். ரெண்டு பேரு மூஞ்சியிலயும் அம்புட்டு பக்தி. அந்நேரம் பாத்து மகளிர் குழுத் தவணைக்கு ஒரு பொண்ணு வந்தா. வாசப்படியில கால வெச்சவ மேல பாத்துட்டு "ஐயோ"ன்னு கத்திகிட்டு ரோட்டுக்கு ஓடிட்டா. போயிப் பாத்தா, நெலப்படி மேல கட்டியிருந்த திருஷ்டிப் பூசணிக்கா எம் பல்லப் போட்டுகிட்டு சிரிக்குது! வாய அளவாக் கீறி, மேல் வரிசையும் கீழ் வரிசையும் பிசகாம எறக்கியிருக்கானுங்க. அரூருல எனக்குப் பல்லு கட்டுனவருகூட அத்தன கச்சிதமாப் பொருத்தல.

நான் கவுன்சிலிங்குக்கா அனுப்புனேன்? ரெண்டு பேரயும் கூப்புட்டு பல்லக் கழுவ வெச்சேன். சோப்புத் தண்ணியில ஒருக்கா, வெந்நியில ஒருக்கா. "தாத்தா, இதுல வெத்தலைக் கறை போவல"ன்னான் ஒஞ் சின்னவன். "போற வரைக்கும் தேய்யி"ன்னேன். அப்பறம் மாட்டுத் தொட்டி ரொம்பற வரைக்கும் தண்ணி எறைக்க வெச்சேன். சாயங்காலம் சோத்துக்கு முன்னாடியே ரெண்டும் தூங்கிப்போச்சு. நீ எங்க பணங்கட்டுனாலும் இந்தத் தூக்கம் கெடைக்குமா?

காளங்கன்னு துள்ளுனா யாராச்சும் பயப்படுவாங்களா? கன்னு துள்ளாம ஒரு மூலையில சுருண்டு கெடந்தாத்தான் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுவோம். நீ என்னடான்னா துள்ளுறத சீக்குங்கற. செல்போன வெச்சுகிட்டு மூணு மணி நேரம் அசையாம ஒக்காந்திருந்தா "எம் பையன் பரம சாது"ங்கற. நெசமாவே சீக்கு இருக்கற புள்ளைங்களும் இருக்குதுங்க, இல்லேங்கல. பள்ளிக்கூடத்து டீச்சரு நாலு மாசமா ஒரே மாரி சொன்னா, பெரியாஸ்பத்திரியில காட்டு, நானே கூட வாரேன். ஆனா ரிமோட்டக் கழட்டுனதுக்குப் போவாத. அங்க நெசமாத் தேவப்பட்டவங்க வரிசையில நிக்கறாங்க.

போன வருசம் கோடை முகாமுக்கு அனுப்புனியே, அதுல என்ன கத்துக் குடுத்தாங்க? மண்ணுல வெளையாட்டாம். மண்ணக் கொழச்சு சட்டி பண்றதாம். வூட்டு வாசல்ல மண்ணத் தொட்டா "ச்சீ, இன்பெக்சன்"னு கையத் தட்டிவுடற. அதே மண்ண இன்னொருத்தன் தொட்டியில கொட்டி வெச்சு ரசீது குடுத்தா, போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் போடற. நம்ம கொல்லையில இல்லாத மண்ணா? இல்ல, ரசீது ஒட்டுன மண்ணுல கிருமி வராதா? அஞ்சு வயசுலேந்து பதினேழு வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்க சராசரி நாளைக்கு 60 நிமிசமாச்சும் நல்லா ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுதாம், எம் பேத்தி படிச்சுக் காட்டுனா. அட, நாங்க கில்லியும் பம்பரமும் பச்சக்குதிரையும் ஆடுன காலத்துல 60 நிமிசத்துக்கு அப்பறம்தான் ஆட்டமே சூடு புடிக்கும்.

சோத்து விசயத்துக்கு வா. காலையில ஒம் பொண்டாட்டி தோசைக்கு மூணு சட்னி அரைக்கறா. சின்னவன் ஒரு வாய் திங்க அந்தத் தெருவே வேடிக்க பாக்குது. போனுல கார்ட்டூன் ஓடுனாத்தான் வாய் தொறக்குது. அதே பையன் பள்ளிக்கூடத்துல என்ன பண்றான், தெரியுமா? 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சாங்களே காலை உணவுத் திட்டம், மறுவருசமே தமிழ்நாடு பூராவும் அரசு தொடக்கப் பள்ளிங்களுக்கு வந்துச்சு. அந்த ரவா கிச்சடிய தட்டு நெறைய வாங்கித் தின்னுட்டு, பக்கத்துப் பையன் தட்டயும் பாக்கறானாம். அங்க போனு இல்ல. "எஞ் செல்லம், எந் தங்கம்"னு கெஞ்ச ஆளு இல்ல. பக்கத்துல பத்துப் பேரு வேகமாத் திங்கறான். பசியும் போட்டியும் இருக்கற எடத்துல சட்னி எதுக்கு?

எங்கூட்டுல ராகிக் களி கிண்டுனா ஒரு உருண்ட தட்டுல விழும். கீரக் கடைசல் ஊத்துவாங்க. "வேணாம்"னா "சரி, எழுந்திரு"ம்பாங்க, அம்புட்டுதான். பாதி மத்தியானம் போயி, சட்டியில ஒட்டுன தீச்சலச் சொரண்டித் தின்னுகிட்டு நிப்போம்.

போனு விசயத்துல ஒலகமே முழிச்சுகிட்டு நிக்குது. ரெண்டுலேந்து நாலு வயசுப் புள்ளைக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல திரை கூடாது, ஒரு வயசுக்குக் கீழ அறவே கூடாதுன்னு அதே சுகாதார நிறுவனம் 2019ல சொல்லிடுச்சு. ஆஸ்திரேலியாக்காரன் பதினாறு வயசு ஆவாத புள்ளைங்களுக்கு சமூக ஊடகக் கணக்கே கூடாதுன்னு சட்டம் போட்டு 2025 டிசம்பர் 10லேந்து நடத்தறான். அது அவங்க ஊரு கத. ஒங்கூட்டுப் போனப் புடுங்கிப் பரண்மேல வெக்க ஒனக்கு ஒரு பார்லிமெண்டு வேணுமா? ஒரு ஸ்டூலு போதாதா? அதுவும் மொதல்ல யாரு போனப் பரண்ல ஏத்தணும்னு கெழவி என்னயக் கேட்டா. நான் ஒன்னயச் சொன்னேன்னு சொல்லிடாத.

இப்ப நீ "அந்தக் காலத்துல தோல உரிச்சுத்தான் வளத்தாங்க, அதான் நல்லா வந்தாங்க"ன்னு ஆரம்பிப்ப. இதுவும் ஒரு பீத்தல்தான். திண்ணப் பள்ளிக்கூடத்துல கோதண்டம்னு ஒரு தண்டன இருந்துச்சு. கயித்தப் புடிச்சுத் தொங்கவுட்டு கீழேந்து பெரம்பால வெளாசறது. ஓடிப்போற பையனுக்குக் கால்ல கட்டையக் கட்டறது. அதனால எத்தன பேரு புலவனானான்? எத்தன பேரு பள்ளிக்கூடத்துப் பக்கமே தல வெக்காம மாடு மேய்க்கப் போனான்? அந்தக் கணக்க யாரும் எழுதி வெக்கல.

ஈரோட்டுல ஒரு பையன் இருந்தான். போவாதங்கற வூட்டுக்குத்தான் போவான், தண்ணி குடிக்காதங்கற எடத்துலதான் குடிப்பான். வூட்டுல ரெண்டு கால்லயும் வெலங்குக் கட்டையப் பூட்டுனாங்க. அவன் என்ன பண்ணுனான்? கட்டையத் தூக்கித் தோள்மேல வெச்சுகிட்டு, மறுபடி அதே பசங்களோட வெளையாடப் போயிட்டான். பின்னாடி அவரே எழுதியிருக்காரு. பேரு ஈ.வெ.ராமசாமி. கட்ட போட்டவங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், இது கட்டையில நிக்கற கழுதயில்லன்னு.

அதே ஈரோட்டுல 1887ல பொறந்து, கும்பகோணத்துல வளந்த இன்னொரு பையன். கொஞ்ச நாளு மெட்ராசுல தாத்தா வூட்டுல வுட்டாங்க. அந்தப் பள்ளிக்கூடம் புடிக்கல. போவ மாட்டேன்னு அடம். பையன் பள்ளிக்கூடம் போறானான்னு பாக்க ஒரு போலீசுக்காரரயே புடிச்சு வெச்சாங்களாம். அவரு யாருன்னு நெனக்கற? கணக்கு மேதை ராமானுஜம். ரிமோட்டக் கழட்டுன பையனெல்லாம் மேதையாயிடுவான்னு நெனச்சுடாத, எம் பையனும் கழட்டுனான், இன்னைக்குக் கொடிக்கால்ல வெத்தல கிள்றான். நான் சொல்றது வேற. வாலு மொளச்ச புள்ளைய அடிச்சு ஒடுக்கணும்னு அவசரப்படாதங்கறேன். பள்ளிக்கூடத்துல அடிக்கறதும் மனசு நோகப் பேசறதும் கூடாதுன்னு கட்டாயக் கல்விச் சட்டத்துலயே இருக்குது, 2010லேந்து. வாத்தியாருக்கு ஆவாதது அப்பனுக்கு மட்டும் ஆவுமா? அஞ்சில வளைக்கத்தான் சொன்னாங்க, ஒடிக்கவா சொன்னாங்க?

அண்ணந் தம்பி சண்டைக்கு ஒரு வைத்தியம் இருக்குது, கேளு. ஒரு உருண்ட வெல்லம், ரெண்டு பையன். நீ பிட்டுக் குடுத்தா "அவனுக்குப் பெருசு"ன்னு ஒப்பாரி. நீ பிக்காத. ஒருத்தன் பிக்கட்டும், இன்னொருத்தன் மொதல்ல எடுக்கட்டும். அப்பறம் பாரு, பிக்கறவன் தட்டான் தராசுல நிறுக்கறான். நான் இதச் சொல்லிக் குடுத்த அன்னைக்கு ஒம் பெரியவன் ஸ்கேலு வெச்சு அளந்து வெட்டுனான். சின்னவன் கொஞ்ச நேரம் யோசன பண்ணுனான். குனிஞ்சு ரெண்டு துண்டயும் ஒரு நக்கு நக்குனான். "இப்ப எத வேணா எடுத்துக்க"ன்னான். எனக்குச் சிரிப்புல இருமல் வந்துருச்சு. இவனயா நீ டாக்டருகிட்ட காட்டப் போற? வக்கீலுக்கு இல்ல படிக்க வெக்கணும்?

சரி, இம்புட்டு நேரம் சிரிச்சேன். இப்பச் சிரிக்கல. பொம்மிடி ரோட்டுல போன வாரம் ஒரு ஸ்கூட்டி போச்சு. மேல ஒம் பெரியவன், பின்னாடி சின்னவன். தலையில ஒண்ணுமில்ல. கேட்டா "அப்பாதான் சாவி குடுத்தாரு, கடையில பாலு வாங்க"ங்கறான். மண்ணுல கைய வெச்சா பதறுற நீ, பதினாலு வயசுப் பையங்கையில வண்டிய எப்பிடிக் குடுத்த? 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தத் திருத்துனது ஒனக்குத் தெரியுமா? பதினெட்டு நெறையாதவன் வண்டி ஓட்டிக் குத்தமானா, அப்பனுக்கோ வண்டிக்காரனுக்கோ 25,000 ரூவா அபராதம், மூணு வருசம் வரைக்கும் செயிலு. வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து. பையனுக்கு 25 வயசு ஆவற வரைக்கும் லைசென்சு கெடையாது. சட்டத்த வுடு. கரும்பு லோடு ஏத்துன லாரிக்கு ஒம் பையன் வாலுப்பையன்னு தெரியுமா?

கெணறும் அப்பிடித்தான். நம்ம பக்கம் கெணறுங்க ஆழம், பாதிக்குக் கைப்புடிச்செவுரு இல்ல. எங்கப்பன் முதுகுல சுரக்குடுக்கையக் கட்டி, இடுப்புல கயித்தக் கட்டி, மேல நின்னுகிட்டு எறக்குனாரு. கயிறு அவரு கையில இருந்துச்சு. நீயும் எறக்கு, கத்துக் குடு, நீச்ச தெரியாத பையன்தான் கெணத்துக்குக் கடன்காரன். ஆனா கயிறு ஒங் கையில இருக்கணும், ஒங் கையில போனு இருக்கக் கூடாது. வாணியாத்துலயும் சேர்வராயன் மலையில மழ கொட்டுனா இங்க வெயிலடிக்கும்போதே தண்ணி வந்துரும். சோப்பு வாசன பாத்து வாங்கறியே, பையன் எந்தக் கெணத்துல குளிக்கறான்னு பாத்தியா?

சுவத்துல கிறுக்குனா சுண்ணாம்பு அடிச்சுக்கலாம், ரிமோட்டு போனா வேற வாங்கலாம். எதுத்த வூட்டு மாங்கா போனா ரெண்டு நாளு திட்டு கேக்கலாம். அந்தம்மா பிராது கொண்டாந்தா எங்கிட்ட அனுப்பு, அவ புருசன் சின்ன வயசுல யாரு மரத்துல கல்லெறிஞ்சான்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிஞ்சுரட்டுமே.

எந்திரி. மொதல்ல போயி வண்டிச் சாவிய வாங்கி மடியில கட்டு. சேலத்து டோக்கனுக்குக் கட்டுன காசு திரும்ப வருமான்னு கேட்டுப்பாரு. வராதுன்னா நீயே போயி அந்த ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டு வா, ஒனக்குத்தான் தேவப்படுது. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரயும் எங்கொல்லைக்கு அனுப்பு, கடலச்செடி புடுங்கணும். கூலி கெடையாது. தின்னது போவ மிச்சம் இருந்தா பாத்துக்கலாம்.