கொதி ஒன்று, வேக்காடு தானாக

கேள்வி: தெர்மல் குக்கரில் அடுப்பில்லாமலே சோறு வேகுமாமே! கோவில்பட்டி வெயிலைப் பிடித்து உள்ளே அடைத்து வைக்கிறார்களா?

பதில்: வெயிலுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முதல் கொதிக்கு அடுப்பு வேண்டும். உள்பாத்திரத்தில் அரிசியைப் பத்து நிமிடம் போலக் கொதிக்கவிட்டு, மூடி, வெப்பம் கசியாத வெளிப்பாத்திரத்துக்குள் இறக்கினால் ஒரு மணி நேரத்தில் சோறு தயார். வேகத் தேவை சூடுதான், தளதளப்பு அல்ல. ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல் அதை ஆவியாக்கச் செலவாகிறது. திறந்த பானையில் கொதிக்கவிட்டுக்கொண்டே இருப்பது, காசு கொடுத்து ஆவி வாங்குவதுதான்.

கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் இதையே தெர்மகோல் பதித்த ‘சூடாறாப்பெட்டி’யாக வீடுகளில் பரப்பியது. பருத்திமாரை எரித்துச் சோறாக்கிய கரிசல்காட்டில், அதே செடியின் பஞ்சை மரப்பெட்டிக்குள் திணித்தாலும் காரியம் நடக்கும்.

குதிரைவாலி, வரகு, ஊறவைத்த பாசிப்பயறு எல்லாம் இதற்கு ஒத்துவரும். கம்மஞ்சோறு மட்டும் கிண்டச் சொல்லி அடம்பிடிக்கும். அதற்கு அடுப்பே கதி. பாத்திரம் முக்கால்வாசியாவது நிறைய வேண்டும், கைப்பிடி அரிசிக்குச் சூடு நிற்காது. நிமிடத்துக்கொரு தரம் திறந்து பார்க்கும் வீட்டில் எதுவும் வேகாது. 60 டிகிரிக்குக் கீழே ஆறினால் கிருமிகள் பெருகும். காலையில் வைத்த குழம்பை இரவுவரை உள்ளேயே விடக் கூடாது.