36-வது அறையைப் பூட்டிப் போடாதே, மாப்ளே

ஏன் மாப்ளே, சண்டைப் படம் ஒண்ணு ரீமேக் பண்ணப் போறியாமா? உங்கம்மா சொல்லிச்சு. சொல்லறப்பவே கண்ணுல தண்ணி. உங்கப்பன் போர் போடற ரிக் வண்டியோட மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர்னு காடு காடா அலைஞ்சு சேத்த பணம் பாரு, அதான் வெசனம். நாந்தான் சமாதானம் சொன்னேன். "அட விடு ஆத்தா, திருச்செங்கோட்டுக்காரன் சினிமாவுல பணம் போடறது இன்னிக்கு நேத்துச் சமாச்சாரமா? டி.ஆர்.சுந்தரம் நம்மூரு ஆளு. சீமைக்குப் போயி லீட்ஸுல துணித் தொழில் படிச்சுப்போட்டு வந்து, 1935-ல சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பிச்சு, நூறு படத்துக்கு மேல எடுத்தாரு. உன்ற பையன் ஒண்ணே ஒண்ணுதான எடுக்கறான்"னேன். அதுக்கப்பறமும் அழுகை நிக்கல. நான் சொன்ன தோரணை சரியில்லையோ என்னவோ.

என்னைக் கேக்காம எடுத்துராத. ராசிபுரத்துப் பக்கம் டூரிங் டாக்கீஸுல கார்பன் குச்சி ரெண்டையும் நெருக்கி வெச்சு வெளிச்சம் காட்டுனவன் நான். ஒரே படத்தை ஒரு மாசம் பாத்தா, எந்த ரீல்ல சனம் பீடி பத்த வெக்க எந்திரிக்குதுன்னு ஆபரேட்டருக்கு மட்டுந்தான் தெரியும். டைரக்டருக்குத் தெரியாது.

மொதல்ல நாமக்கல்லுக்குப் போயி லாரி பாடி கட்டற பட்டறையில அரை நாள் நின்னு பாரு. ஓசூர்ல இருந்து மொட்டைச் சேசிஸ் வரும். கூரையில்ல, கதவில்ல. டிரைவர் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வெயில்லயே ஓட்டிக்கிட்டு வருவான். இஞ்சினும் அச்சும் கம்பெனிக்காரன்து. அதுக்கு மேல மரம் இழைச்சு, தகரம் அடிச்சு, கேபின் கட்டி, முன்னால கண்ணும் பூவும் எழுதி நம்மாளுக வெளிய விட்டா, அது நாமக்கல் வண்டி. அதைக் காப்பின்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். ஆனா பாடி கட்டறவன் சேசிஸை அறுக்க மாட்டான் பாரு. ரீமேக்கும் அவ்வளவுதான். எது சேசிஸ், எது பாடின்னு தெரியாதவன் கையில வெல்டிங் மிஷினைக் குடுக்கக் கூடாது.

சேலத்துல அதைத் தெரிஞ்சு செஞ்சாங்க. 1948-ல கொலம்பியாக்காரன் 'தி கேலன்ட் பிளேட்'னு ஒரு கத்திச் சண்டைப் படம் எடுத்தான். பிரான்ஸ் தேசத்துக் கதை. தளபதியோட மெய்க்காப்பாளன் ஒருத்தன், அவனை மயக்கிக் கவுக்கறதுக்குச் சதிகாரன் அனுப்பற பொண்ணு, அந்தப் பொண்ணே அவன் மேல ஆசைப்பட்டுப் போறது. 1951-ல அதையே நம்ம சுந்தரம் 'சர்வாதிகாரி'ன்னு எடுத்தாரு. எம்.ஜி.ஆர். மெய்க்காப்பாளன், அஞ்சலிதேவி அனுப்பி வெச்ச பொண்ணு, நம்பியார் சதிகாரன். சேசிஸ் அப்படியே இருக்குது. பாடி மட்டும் சேலத்துல கட்டுனது. வசனம் ஏ.வி.பி.ஆசைத்தம்பி. அவரு தி.மு.க.காரரு. பேனா எப்படிப் போகும்? பிரெஞ்சுக்காரன் கத்தியாலயே பேசுனதை நம்மாளு வாயாலயும் பேசுனாரு. கத்தியை விட நாக்கு நாலு முழம் எச்சு. அது குத்தமில்ல மாப்ளே, நம்ம சனத்துக்குக் காதும் பசிக்கும். எம்.ஜி.ஆருக்கும் நம்பியாருக்கும் கத்திச் சண்டை நடக்கறப்ப ஒருத்தனும் பீடி பத்த வெச்சதில்ல.

இப்ப நீ எடுக்கப் போற வகைக்கு வருவோம். குங்ஃபூ, கராத்தே, கிக் பாக்ஸிங். இதுல நம்மூருப் பெரிய சோலி எதுன்னா, 1983 பொங்கலுக்கு வந்த 'பாயும் புலி'. ஏவி.எம். படம், எஸ்.பி.முத்துராமன் டைரக்‌ஷன், ரஜினி, சண்டைக்கு ஜூடோ ரத்தினம். ஹாங்காங் ஷா பிரதர்ஸ் 1978-ல எடுத்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாலின்'தான் அதுக்கு மூலம். ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாரு. செல்போனைத் தள்ளி வெச்சுட்டுப் பாரு.

மூலத்துல கதை என்ன? சீனாவுல மஞ்சு ஆட்சிக்காரன் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருத்தனோட சொந்தபந்தத்தையெல்லாம் கொன்னு போடறான். பையன் தப்பிச்சு ஷாலின் கோயிலுக்கு ஓடறான். சண்டை கத்துக்கறதுக்கு அங்க 35 அறை. இவன் உன்னை மாதிரி அவசரக்காரன், நேரா எல்லாத்துக்கும் மேல இருக்கற அறைக்குப் போறேங்கறான். உள்ள போன வேகத்துல வெளிய வந்து விழுகறான். சரி, கீழ இருந்து ஆரம்பின்னு அனுப்பறாங்க. மொத அறை எது தெரியுமா? சோத்துக்குப் போற வழி! நடுவுல தண்ணித்தொட்டி, அதுல மெதக்கற கட்டைக் கட்டு. அது மேல ஒரு கால் வெச்சுத் தாண்டுனாத்தான் சோறு. மத்த பிக்குகள் கொக்காட்டம் தாண்டிப் போறாங்க. இவன் தொபுக்கடீர்னு விழுந்து, நனைஞ்சு, பட்டினி. ஒரு குத்து இல்ல, ஒரு உதை இல்ல. பசியே வாத்தியார்.

அப்பறம் தண்ணி சொமக்கற அறை. ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி வாளி தூக்கணும். கையைத் தொங்கப் போட்டா விலாவுல குத்தற மாதிரி மேல்கையில கத்தி கட்டியிருப்பாங்க. இன்னொரு அறையில தலையை அசைக்காம கண்ணை மட்டும் ஓட்டி வெளிச்சத்தைப் பாக்கணும். ரெண்டு பக்கமும் தூண் மாதிரி ஊதுபத்தி, தலை திரும்புனா கன்னம் சுடும். நீளக் கழி நுனியில கனத்தைக் கட்டிக்கிட்டு மணிக்கட்டு பலத்துல மணியடிக்கணும். தொங்கற மண்மூட்டைகளை மண்டையாலயே முட்டித் தள்ளிக்கிட்டுப் போயி சாமிக்கு ஊதுபத்தி வெக்கணும். இப்படியே ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட ஓடுது, படத்துல பாதி. வில்லனை அதுவரைக்கும் ஆரும் தேடறதே இல்ல.

அவ்வளவு நேரம் எடுத்துக்க எவனுக்குத் தைரியம் வரும்? லாவ் கர்-லியுங்குக்கு வந்துது. அந்த டைரக்டரே சண்டை வாத்தியார். அவங்கப்பன் கிட்டக் கத்துக்கிட்டாரு. அப்பனோட வாத்தியாரு லாம் சாய்-விங், அவரோட வாத்தியாரு வோங் ஃபெய்-ஹுங். பரம்பரையாக் கத்துக்குடுத்த வீட்டு ஆளு. அவருக்குக் கத்துக்கறதுதான் கதை, பழிவாங்கறது கொசுறு. கதாநாயகன் கோர்டன் லியுவை மொட்டை அடிச்சு நிறுத்தி, அவன் ஒடம்பு எப்படி மாறுதுன்னு ரீல் ரீலாக் காட்டிப்புட்டாரு.

நம்ம முத்துராமனும் லேசுப்பட்டவரில்ல. குடும்பக் கதையில எங்க அழுகணும், எங்க விசில் அடிக்கணும்னு ஜாதகம் கணிச்சு வெச்சவரு. அவரு என்ன பண்ணுனாரு? ஊரு, தேசம், மஞ்சு ஆட்சியெல்லாம் எதுக்குன்னு ஓரங்கட்டிப்போட்டு, தங்கச்சியைக் கொண்டாந்தாரு. தங்கச்சியைக் கொன்னுட்டாங்க, அண்ணன் சண்டை கத்துக்கிட்டு வந்து கணக்குத் தீக்கறான். சேலத்துப் பொம்பளைகளுக்கு அந்த ஒரு வரி போதும். நம்மூர்ல சும்மாவாச்சும் ஒருத்தன் குத்துனா அவன் ரவுடி. தங்கச்சிக்காகக் குத்துனா சாமி. நாட்டுக்காகப் பத்து வருசம் பயிற்சி எடுத்தா, "இவனுக்கு வேற சோலியில்லையா"ம்பான்.

அதனால உனக்கு என்ற அனுபவத்துல சொல்லறேன், கேட்டுக்க. பயிற்சியை நீட்டாத. ஒரே பாட்டுல முடிச்சுரு. மொதச் சரணத்துல ஆளு கீழ விழுகட்டும், ரெண்டாஞ் சரணத்துல ஓடு உடையட்டும், கடைசிப் பல்லவிக்கு நெஞ்சுல ஆறு கட்டு வந்துரணும். ஷாலின்ல அஞ்சாறு வருசம் ஆகற வேலை, நம்மூர்ல நாலரை நிமிசம். சீனாக்காரனுக்கு இந்த வித்தை தெரியாமத்தான் வாளி தூக்கிக்கிட்டுத் திரியறான். தயாரிப்பாளனுக்கும் செலவு மிச்சம். 35 அறைக்கு எதுக்கு செட்டு? ஒரு கடற்கரை போதும்.

விஜய் நடிச்ச 'பத்ரி' (2001) பாத்திருப்ப. பயிற்சிக்குக் கை மேலயே காரை ஏத்துனாங்க. தெலுங்குல பவன் கல்யாண் நடிச்ச 'தம்முடு' (1999) அதுக்கு மூலம். ரெண்டுக்கும் டைரக்டர் அருண் பிரசாத்தே. அந்தத் 'தம்முடு'வுக்கு மூலம் எதுன்னு தேடிப் போனா, 1992-ல வந்த இந்திப் படம், 'ஜோ ஜீத்தா வோஹி சிக்கந்தர்'. அதுல நடக்கறது சைக்கிள் பந்தயம் மாப்ளே! ஐதராபாத் வரைக்கும் பெடல் மிதிச்சு வந்த கதை, அங்க எறங்கிக் கைல கிளவுஸ் மாட்டிக்கிட்டு மெட்ராஸுக்கு வந்துது. ஆனா பாரு, சேசிஸ் ஒடையல. ஏன்னா அந்தக் கதையில சைக்கிளும் முக்கியமில்ல, குத்தும் முக்கியமில்ல. பொறுப்பில்லாத தம்பிக்கு அண்ணன் அடிபட்ட அன்னிக்குப் புத்தி வரணும், அவ்வளவுதான். இந்தியில தம்பி, தெலுங்குல தம்பி, தமிழ்ல தம்பி. போட்டி எதுவா இருந்தா என்ன?

நெம்ப நல்லாக் கட்டுன பாடின்னா எனக்கு 'எம்.குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி'தான். 2004-ல வந்துது. தெலுங்குல பூரி ஜெகன்னாத் ரவி தேஜாவை வெச்சு முந்தின வருசம் எடுத்ததை, நம்ம டைரக்டர் ராஜா அவரு தம்பி ரவியை வெச்சு எடுத்தாரு. தெலுங்குல அசின் தமிழ்ப் பொண்ணு. தமிழ்ல தமிழ்ப் பொண்ணைக் காட்டுனா எவனுக்கு வேடிக்கை? மலையாளத்துப் பொண்ணாக்கிட்டாங்க. அசினுக்கும் சொந்த ஊரு கேரளம்தான, வேசமே போட வேண்டியதில்ல. கிக் பாக்ஸிங் வாத்தியாரான அப்பன் அங்க விசாகப்பட்டினத்துல இருந்தான், இங்க மலேசியாவுல. அப்பனா ரெண்டு படத்துலயும் பிரகாஷ்ராஜ். கடல் தாண்டி அப்பனைத் தேடிப் போற பையனோட தனிமை நமக்கு எச்சா வலிக்கும்னு ராஜாவுக்குத் தெரிஞ்சிருக்குது. அம்மாவா நதியா, ரொம்ப வருசம் கழிச்சு வந்தாங்க. மூலத்துல ஜெயசுதா. ரெண்டு பேரும் ரெண்டு வகை அம்மா. ஜெயசுதா அம்மாவாவே இருந்தாங்க, நதியா பையனுக்குச் சினேகிதியா இருந்தாங்க. நதியா செத்த காட்சிக்கப்பறம் என்ற ஊட்டுக்காரி ரெண்டு நாளு என்னோட பேசல. நான் என்ன பண்ணுனேன்?

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியமான்னு கேக்காத. 1984-ல 'தி கராத்தே கிட்'. 'ராக்கி' எடுத்த அவில்ட்சன் படம். மியாகி தாத்தா பையனைக் காருக்கு மெழுகு தேய்க்க விட்டு, வேலிக்குப் பெயின்ட் அடிக்க விட்டு, அதுலயே தடுக்கற முறையைக் கத்துக் குடுப்பாரு. 2010-ல அதையே திருப்பி எடுத்தாங்க. ஜாக்கி சான் சட்டையைக் கழட்டு, மாட்டு, எடு, போடுன்னு பையனை வறுத்தெடுப்பாரு. நடக்கறது பெய்ஜிங், கத்துக்கறது குங்ஃபூ, படத்துப் பேரு மட்டும் கராத்தே! ஆனாலும் வேலை வாங்கிக்கிட்டே வித்தை சொல்லிக்குடுக்கற சேசிஸை அவங்க அறுக்கல. உன்னை அன்னிக்குக் கட்டுத்தறிக்கு வாளி தூக்கச் சொன்னப்ப ஓடிப்போனியே, இல்லைன்னா நீயும் இந்நேரம் பெரிய ஃபைட்டர்.

சரி, "குங்ஃபூவே நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொண்டு போனது மாமா, அதனால இது ரீமேக்கே இல்ல, குடுத்ததைத் திருப்பி வாங்கறோம்"னு நீ சொல்லுவ. 2011-ல '7ஆம் அறிவு' வந்ததுல இருந்து ஊர்ல பாதிப் பேரு இதைத்தான் சொல்லறான். கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா அவரு சண்டை கத்துக்குடுத்தாருங்கறது பல நூறு வருசம் கழிச்சு முளைச்ச கதைன்னு படிச்சவங்க சொல்லறாங்க. அதை வெச்சுக்கிட்டு ஹாங்காங்காரன் கிட்ட ராயல்டி கேக்கப் போயிராத.

இப்பக் குசும்பை விட்டுட்டு ஒண்ணு சொல்லறேன். அந்தச் சீனப் படத்துல 35 அறையும் முடிச்ச பையனை, எந்த அறைக்கு வேணும்னாலும் வாத்தியாரா இருன்னு பெரியவங்க சொல்லறாங்க. அவன் கேக்கறது 36-வது அறை. கோயிலுக்கு வெளிய இருக்கற சாதாரண சனத்துக்குக் கத்துக்குடுக்கற அறை. அதைக் கேட்டதுக்காகவே கோயிலை விட்டு அனுப்பி வெக்கறாங்க, அவனும் ஊருக்குள்ள வந்து சாதாரண ஆளுகளைச் சேத்துக்கறான். படத்தோட பேரே அதுதான். நம்மூருக்கு வந்தப்ப தங்கச்சி வந்தா, பாட்டு வந்துது, ரஜினி வந்தாரு, கூட்டம் வந்துது. அந்த 36-வது அறை மட்டும் வரல. பழி தீந்ததும் நம்ம படம் முடிஞ்சு போச்சு. கட்டுனது அழகான பாடி, ஓடுனதும் நல்ல ஓட்டம், ஆனா அச்சைக் கழட்டி வெச்சுட்டு ஓட்டிட்டாங்கன்னுதான் என்ற தீர்ப்பு.

நீ எடுக்கறப்ப தங்கச்சியைக் கொல்லு, வேண்டாங்கல. அம்மாவைக் கூடக் கொல்லு, உங்கம்மா கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லாத. ஷாலின் கோயிலுக்குப் பதிலா நம்ம பக்கத்துச் சிலம்ப வாத்தியார் ஒருத்தரைப் போடு. ஆனா துணைக்கு நிக்கற பொம்மையாட்டம் வெக்காம, கம்பைப் புடிக்கறதுக்கு முன்னால கால் வெக்கறதையே அவரு எத்தனை நாள் பழக்குவாருன்னு பக்கத்துல ஒக்காந்து பாத்து எடு. கடைசில அந்தக் கம்பு பக்கத்து ஊட்டுப் பையன் கைக்குப் போறதையும் எடு. மூலப் படத்துக்கு முறையா உரிமை வாங்கி, லாவ் கர்-லியுங் பேரை டைட்டில்ல பெருசாப் போடு. மொத ஷோவுக்கு நான் வாரேன். டிக்கெட் நீதான் எடுக்கணும், உங்கத்தைக்கும் சேத்து.