அல்சூர் வீடுகளில் பல்லியின் குடியிருப்பு உரிமை: ஓர் ஆய்வு

பெங்களூரில் வாடகைக்கு வீடு பிடிப்பவர் பத்து மாத அட்வான்ஸ், பதினொரு மாத அக்ரிமென்ட், ‘நீங்க வெஜ்ஜா?’ என்ற கேள்வி ஆகியவற்றைத் தாண்டியாக வேண்டும். இவற்றில் ஒன்றுக்கும் கட்டுப்படாமல் அல்சூரில் குடியேறியிருக்கும் இனம் பல்லி. அதன் உணவு கொசு, ஈசல், விட்டில், கரப்பான் குஞ்சு, முழு அசைவம். ஜாகை மட்டும் பூஜை அறையில், சாமி படத்துக்குப் பின்னால்.

இவ்வுரிமையின் மூலப்பத்திரம் எது? 1809-இல் பிரிட்டிஷ் படையின் கன்டோன்மென்ட் வந்தது. அதையொட்டித் தமிழர் வந்தனர். அல்சூர் சோமேஸ்வரர் கோயில் சுவர் அதற்கும் மூத்தது, ஆகவே பல்லி நமக்கு முந்தைய குடி என்று கொள்ளலாம். ஆனால் அதன் பொற்காலம் பிறந்தது 1905-இல். அந்த ஆண்டுதான் சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் பெங்களூரில் விளக்கேற்றியது. விளக்குக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்குப் பல்லி வந்தது. வரலாற்றாசிரியர்கள் இதைத் தொழில் வளர்ச்சி என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

சுவரை அது எப்படி அனுபவிக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் சிரமப்பட்டுக் கண்டறிந்திருக்கிறார்கள். டோக்கே பல்லியின் ஒற்றைக் கால்மயிரின் பிடியை 2000-இல் அளந்தனர். பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பே காரணம் என்று 2002-இல் நிறுவினர். காய்ந்த டெஃப்லானில் மட்டும் கால் வழுக்கும். எனவே நான்ஸ்டிக் தோசைத் தவாவின் மீது பல்லிக்குப் பாத்தியதை இல்லை.

காலி செய்விக்கும் முயற்சிகளில் முட்டை ஓட்டுக் கட்சி, மயிலிறகுக் கட்சி என இரண்டு உண்டு. முட்டை ஓட்டின் மேலேயே பல்லி இளைப்பாறுவதைக் கண்டபின் முதல் கட்சியிலிருந்து நான் விலகிவிட்டேன். துடைப்பத்தால் விரட்டினால் அது வாலை விட்டுவிட்டு ஓடும். அதுவே அதன் அட்வான்ஸ்; ஓனர் பெயின்டிங் செலவுக்கென்று பிடித்துக்கொள்ளலாம். புது வால் முளைக்கும், ஆனால் உள்ளே எலும்பு இராது, குருத்தெலும்புதான். பல்லிக்கு விஷம் உண்டு என்பது வீண்பழி. எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பது உண்மை. பால் பாத்திரத்தை மூடி வைக்கவும்.

சமூகத்தில் அதற்குச் சாட்சி அந்தஸ்தும் உண்டு. பேச்சின் நடுவே பல்லி சொன்னால் பாட்டி தரையைத் தட்டி, “பாரு, பல்லியே சொல்லிடுச்சு” என்பாள். அதன் பிறகு மேல்முறையீடு கிடையாது. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லிக்கும் வெள்ளிப் பல்லிக்கும் பக்தர்கள் வரிசையில் நிற்பதை ஓனர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது ஆபத்து எல்.இ.டி. வடிவில் வந்திருக்கிறது. வீட்டு எல்.இ.டி. விளக்கில் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய இல்லை. பூச்சிகள் குறைவாகவே வருகின்றன. இது முன்னறிவிப்பின்றிச் சாப்பாட்டை நிறுத்திக் குடியிருப்பவரை வெளியேற்றும் தந்திரம் என இவ்வாய்வு தீர்ப்பளிக்கிறது. அல்சூர் ஓனர்களே, வராந்தாவில் ஒரு பழைய டியூப் லைட்டையாவது விட்டுவையுங்கள். ஏரிப் பக்கத்துக் கொசுவைக் கவனிக்கச் சம்பளமில்லாமல் வேறு யார் வருவார்கள்?